ஆல்பத்தை வாசிக்காத கச்சேரி

புது ஆல்பம் வந்ததும் ஊர் ஊராகப் போய் அதிலுள்ள பாட்டுகளை வாசிப்பது இசைக்குழுக்களின் வழக்கம். ரசிகரும் அதைக் கேட்கத்தான் டிக்கெட் எடுக்கிறார். முன்பே அமைத்த பாட்டு எதுவும் இல்லாமல் அந்தந்தக் கணத்திலேயே இசையை உருவாக்கும் ஃப்ரீ ஜாஸ் மூவர் குழு விஷயத்தில் இது நடக்காது. ஆல்பத்தில் இருப்பதில் ஒரு நொடியைக்கூட மேடையில் கேட்க முடியாது. வாசிக்கக் கூடாது என்ற பிடிவாதம் ஒன்றுமில்லை. திரும்ப வாசிக்க அங்கே பாட்டு என்று ஒன்று இருந்தால்தானே?

இந்த இசை வகைக்குப் பெயர் கொடுத்தது அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம். அதற்குப் பிறகு ஐரோப்பியர்கள் இந்தப் பாதையில் இன்னும் தூரம் போனார்கள். நான் அதிகம் கேட்டது பெர்லின்காரரான அலெக்ஸாண்டர் ஃபான் ஷ்லிப்பென்பாக்கின் குழு. அவர் பியானோ, இங்கிலாந்தின் ஈவன் பார்க்கர் சாக்ஸபோன், ஜெர்மனியின் பால் லோவென்ஸ் ட்ரம்ஸ். பாஸ் வாத்தியம் கிடையாது. 1972இல் இவர்கள் பதிவு செய்த 'பாகிஸ்தானி பொமேட்' ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். சமையலறையில் பாத்திரங்கள் சரிகிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவைதான் ஒன்று உறைத்தது: பாத்திரங்கள் சரியும்போது இப்படி ஒன்றுக்கொன்று வழிவிடாது.

அந்த வழிவிடல் எப்படி நடக்கிறது? ராகம் இல்லை, தாளம் இல்லை, முன்பே பேசி வைத்த திட்டமும் இல்லை. நம் கச்சேரியிலும் மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனை, உண்டுதான். ஆனால் கற்பனையாக ஸ்வரங்களைக் கோத்துக் கல்பனாஸ்வரம் பாடுபவர் எவ்வளவு தூரம் போனாலும் எந்த இடத்தில் வந்து இறங்குவார் என்று வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் தெரியும். காலடியில் தாளம் தரையாக இருக்கிறது. இங்கே அந்தத் தரையையே உருவிவிட்டார்கள்.

'ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் பதில் சொல்கிறார்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கணக்குப் போட்டால் அது உதைக்கிறது. ஒரு சத்தம் காதில் விழுந்து, மூளை அதை உணர்ந்து, கை அசைவதற்கு ஏறக்குறைய 150 மில்லிநொடி ஆகும். எந்தச் சத்தம் வந்தாலும் பொத்தானை அழுத்து என்கிற மாதிரி எளிய வேலைக்கே இவ்வளவு. என்ன வாசிப்பது என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டுமானால் இன்னும் அதிகம். வேகமாக வாசிக்கும் ட்ரம்மர் நொடிக்குப் பத்து அடி அடிப்பார், அதாவது 100 மில்லிநொடிக்கு ஒன்று. கேட்ட பிறகுதான் பதில் என்றால் சாக்ஸபோன்காரர் எப்போதும் ஓர் அடியாவது பிந்தியே இருப்பார். இருவரும் ஒரே கணத்தில் சேர்ந்து வெடிப்பது நடக்கவே நடக்காது.

ஆனால் நடக்கிறது. ஏனென்றால் மூளை காத்திருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. பந்து மட்டையைத் தொடும் முன்பே பேட்ஸ்மேன் அடிக்க முடிவெடுத்துவிடுகிறாரே, அதே வேலைதான். சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, அடிகளுக்கு இடையிலான இடைவெளி சுருங்குகிறது, மூச்சு தீரப்போகிறது: இவை எல்லாம் ஊகத்துக்குத் தீனி. ஊகம் சரியானால் இருவரும் சேர்ந்து இறங்குவார்கள். தவறினாலும் பரவாயில்லை, தவறிய இடத்தில் புதிதாக ஒன்று முளைக்கிறது. இந்த இசையில் தப்பு என்று தனியாக எதுவும் இல்லாததால், பிசகிய ஊகத்தை அடுத்த நொடியே மூலப்பொருளாக எடுத்துக்கொள்ள முடிகிறது.

ஊகத்துக்குத் தூரமும் முக்கியம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி எடுக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்துச் சேர்ந்து கைதட்டச் சொன்னார்கள். ஒலி போய்ச் சேரும் நேரத்தை மின்னணுக் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தினார்கள். தாமதம் கூடக்கூடத் தட்டும் வேகம் தளர்ந்துகொண்டே போனது. அதை எதிர்பார்க்கலாம். ஆனால் தாமதம் ஏறக்குறைய 12 மில்லிநொடிக்குக் கீழே போனபோது வேகம் தானாகக் கூடியது! அந்த 12 மில்லிநொடியைத் தூரமாக மாற்றினால் நான்கு மீட்டர் வருகிறது. சின்ன மேடையில் மூன்று பேர் இயல்பாக நிற்கும் இடைவெளி அதுதான்.

சரி, தலைக்குள் என்ன நடக்கிறது? 2008இல் சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, காந்தத்தில் ஒட்டாத சின்னக் கீபோர்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மனப்பாடமாக வாசித்ததையும் கற்பனையாக வாசித்ததையும் ஒப்பிட்டபோது, கற்பனையின்போது முன்மூளைப் புறணியின் பக்கவாட்டுப் பகுதிகள் அடங்கியிருந்தன. நம்மை நாமே கண்காணித்துத் திருத்துவதில் பங்குள்ள பகுதிகள் அவை. நடுப்பகுதி மட்டும் உயிர்ப்போடு இருந்தது. 'உள்ளே இருக்கும் வாத்தியார் வெளியே போய்விடுகிறார்' என்று இதைப் பிரபலமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆறே பேர், தனியாகப் படுத்துக்கொண்டு, முன்பே பதிந்து வைத்த பக்கவாத்தியத்தோடு வாசித்தவர்கள். ஷ்லிப்பென்பாக்குக்கு எதிரே இருப்பது பதிவு நாடா அல்ல, திருப்பித் தாக்கக்கூடிய இரண்டு மனிதர்கள்.

லிம் இருக்கும் குழு 2014இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. கருவிக்குள் ஒருவர், வெளியே ஒருவர் என்று இருவர் மாறி மாறி வாசித்தார்கள். அப்போது பேச்சின் இலக்கணத்தைக் கையாளும் பகுதிகள் விழித்துக்கொண்டன. சொற்பொருளோடு தொடர்புள்ள பகுதி அடங்கியது. வார்த்தை இல்லாத பேச்சு என்று இசைக்கலைஞர்கள் சும்மா சொல்லவில்லை போலிருக்கிறது.

இதில் பார்க்கரின் சங்கதி தனி. சோப்ரானோ சாக்ஸபோனை எடுத்தாரென்றால் பல நிமிடம் மூச்சே விடாமல் ஊதுகிற மாதிரி இருக்கும். மாயம் இல்லை. கன்னத்தில் காற்றை நிரப்பிக்கொண்டு, மெல்லண்ணத்தால் வாயையும் தொண்டையையும் பிரித்துவிட்டு, கன்னத்தை அமுக்கி ஊதும் அந்தச் சின்ன இடைவெளியில் மூக்கு வழியாக மூச்சை இழுத்துக்கொள்கிறார். அதோடு வழக்கமில்லாத துளைகளை மூடித் திறக்கும்போது, குழலுக்குள் இருக்கும் காற்றுத்தூண் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு அதிர்வெண்களில் சேர்ந்து அதிர்கிறது. நாணல் சீவாளி அந்த இரண்டையும் கலந்து, கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்களையும் உண்டாக்குகிறது. ஒரே ஆள், ஒரே வாத்தியம், ஆனால் காதில் விழுவது ஒரு கூட்டம். கூட இருக்கும் இருவருக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு: அவர் மூச்சு வாங்கும் இடத்தை வைத்து வாக்கியம் முடிகிறது என்று ஊகிக்க முடியாது. மூன்று மனிதரில் ஒருவரின் நிறுத்தற்குறிகளே காணாமல் போய்விடுகின்றன.

அப்படியானால் எப்படித்தான் முடிக்கிறார்கள்? எனக்கு இதுதான் பெரிய புதிர். நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், முடிவைக் காட்டும் கோர்வை மூன்று முறை வரும்போதே எல்லாரும் இறங்கத் தயாராகிவிடுகிறோம். இவர்களுக்குக் கோர்வை இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த கிளெமான் கனோன் இந்த மாதிரிச் சுதந்திர இசையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர். அவர் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் தலைவரும் திட்டமும் இல்லாத 16 கலைஞர்கள் சேர்ந்து வாசித்தார்கள். 16 பேர் என்றால் ஒருவருக்கொருவர் 120 இணைப்புகள். எல்லாவற்றையும் யாராலும் கேட்க முடியாது. அப்படியும் எப்போது வாசிப்பது, எப்போது நிறுத்துவது, இசையை மாற்றுவதா தாங்குவதா என்பதில் தற்செயலைத் தாண்டிய ஒருங்கிணைப்பு தெரிந்தது. மூவர் என்றால் இணைப்புகள் மூன்றே. மூன்றையும் ஒரே நேரத்தில் காதில் வைத்துக்கொள்ளலாம்.

பழக்கம் அதற்கு மேல் கூடுகிறது. ஷ்லிப்பென்பாக் குழு டிசம்பர் மாதங்களில் சுற்றுப்பயணம் போவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தது. அதற்கு இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடல் தொகுப்பிலிருந்து 'விண்டர்ரைஸ', குளிர்காலப் பயணம், என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் பியானோ மாறும். கல் சுவர் தேவாலயத்தில் ஒலி சில நொடி தங்கும், திரைச்சீலை போட்ட கிளப்பில் உடனே செத்துவிடும். எதிரொலி நீளும் இடத்தில் வேகமான வாசிப்பு குழம்பிச் சேறாகும், அதனால் அன்றைக்கு இசையே வேறாகிவிடும். மாறாமல் கூடவே வருவது ஒருவரைப் பற்றி மற்றவர் மனதில் இருக்கும் வரைபடம் மட்டும்தான். லோவென்ஸ் சிம்பலில் கை வைத்து ஒலியை அடக்கினால் அது முற்றுப்புள்ளியா, வெறும் காற்புள்ளியா என்று மற்ற இருவருக்கும் அதுவே சொல்லும்.

கச்சேரி முடிந்ததும் வாசல் மேசையில் ஆல்பம் விற்பார்கள். வாங்கிப் போகிறவர் வீட்டில் போட்டுக் கேட்டால், சற்றுமுன் கேட்டது அதில் இருக்காது. அது வேறு ஊரில், வேறு பியானோவில், வேறோர் இரவில் நடந்தது.