மலையகத்தில் புத்தாக்க வட்டாரம்: எங்கே தொடங்குவது?

இலங்கை மலையகத்தில் நகரத் திட்டமிடல் வேலையில் இருப்பதால், "நம்ம டவுனுக்கும் ஒரு புத்தாக்க வட்டாரம் வேண்டும்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கூடவே ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் படமும் வரும். சரி, கட்டிடம் பிறகு. ஆராய்ச்சியாளரும் மாணவரும் புதுத் தொழில் தொடங்குபவரும் அருகருகே வேலை செய்யும் நகரப் பகுதிதான் புத்தாக்க வட்டாரம்.

பார்சிலோனா 2000இல் பொப்லேநோ என்ற பழைய நெசவாலைப் பகுதியில், சுமார் 200 ஹெக்டயரில், இந்த வேலையைத் தொடங்கியது. ஆலைக் காணியைப் புதிய பயன்பாட்டுக்கு மாற்றுபவர் முன்பைவிடக் கூடுதலாகக் கட்டலாம். பதிலுக்கு 30 வீதக் காணியைப் பசுமைவெளி, மலிவு வீடு, பொது வசதி ஆகியவற்றுக்குக் கொடுக்க வேண்டும். அப்படியிருந்தும் அங்கே குடியிருந்தவர்களின் எதிர்ப்பு கிளம்பாமல் இல்லை.

நம்மிடம் சிக்கல் இன்னும் கூட. தலைமுறை தலைமுறையாக லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர் பலரிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை. காணி அரசுடையது, குத்தகை தோட்டக் கம்பனியுடையது. பக்கத்துக் காணியின் விலை ஏறினால் லாபம் யாருக்கு? அத்திவாரம் போடுவதற்கு முன்பே இதை எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தூரம். ஆராய்ச்சியாளரும் மாணவரும் சிறு முதலாளியும் ஒரே தேத்தண்ணிக் கடையில் தற்செயலாகச் சந்திக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் கண்டி நகருக்கும் இடையில் வாகன நெரிசல் நிற்கிறது. 1925இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இருக்கிறது. அதன் நடை தூரத்தில் நாலு பேர் வாடகைக்கு எடுக்கக்கூடிய ஒரு பட்டறையே நல்ல தொடக்கம்.

அந்தப் பட்டறைக்கு மூடிக்கிடக்கும் பழைய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, ஒன்றே போதும். கொழுந்து வாட்டிய மேல்மாடி நீளமானது, வரிசையாக ஜன்னல்கள், வெளிச்சம் தாராளம். திருத்திக் கொடுத்தால் வாடகையைக் குறைவாக வைக்கலாம். ஆனால் தோட்டத்தின் நடுவில் இருக்கும் ஸ்டோர் வேண்டாம். பஸ் ஓடும் பாதையில் உள்ளதாகப் பாருங்கள். பின்னேரம் கடைசி பஸ் போய்விடுமோ என்று பயப்படும் பிள்ளை அங்கே இரண்டாம் முறை வரமாட்டாள். என் கைக்கு வந்த திட்ட அறிக்கைகளில் பஸ் நேரம் பற்றி ஒரு வரிகூட இருந்ததில்லை!

மலையை வெட்டிச் சமதரை எடுப்பதாக யாராவது சொன்னால் மட்டும் உடனே தலையாட்டாதீர்கள். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன மலைநாடு இது. தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கைக்கு வரும்வரை, படம் வரைபவருக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.