பெயர் தெரியாதவர் மேல் புகார்

"அந்த டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்." தங்கள் பிராண்ட் பெயரில் போலித் தளம் முளைத்த பதற்றத்தில் போன் செய்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். 2018 மே மாதத்துக்கு முன்னால் என்றால் போனை வைப்பதற்குள் சொல்லியிருப்பேன். ஹூயிஸ் என்ற பொதுப் பதிவேட்டில் தேடினால் டொமைன் வாங்கியவரின் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் எல்லாம் வந்துவிடும். பொய் விவரங்களும் நிறைய இருக்கும். ஆனால் அந்தப் பொய்யே துப்பாக உதவும். ஒரே பொய் மின்னஞ்சலை வைத்து ஒரு ஆள் வரிசையாக டொமைன்களை வாங்கிக் குவித்திருப்பார். ஒன்றைப் பிடித்தால் மற்றவை கொத்தாக வந்து விழும்.

2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தது. பெரிய மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தற்காலிக விதியும் அதே நாளில் அமலானது. டொமைன்களை விற்றுப் பதிந்து தரும் பதிவாளர்கள் விவரங்களை மறைத்துவிட்டார்கள். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தச் சட்டம் காப்பது தனிமனிதர்களின் தகவலைத்தான், நிறுவனங்களுடையதை இல்லை. ஆனாலும் இருவரையும் பிரித்துப் பார்க்கும் தலைவலி எதற்கு என்று பல பதிவாளர்கள் எல்லோருக்கும் சேர்த்தே திரை போட்டுவிட்டார்கள். 2025 ஜனவரியில் ஹூயிஸின் இடத்துக்கு ஆர்டிஏபி என்ற புதிய தேடல் முறை வந்தது. மறைத்தது மறைத்தபடியே இருக்கிறது.

சரி, சட்டம் வழியை முழுசாக அடைத்துவிட்டதா? இல்லை. நியாயமான தேவை இருந்தால் தகவலைத் தரலாம் என்று ஜிடிபிஆரின் 6ஆம் பிரிவே சொல்கிறது. அந்தத் தேவையை நாம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வாடிக்கையாளரின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் இரட்டித்து யாரோ டொமைன் வாங்கியிருந்தார்கள். அவசரத்தில் நான் மூன்று வரி எழுதினேன்: டிரேட்மார்க்கை மீறுகிறார், விவரம் தரவும். பதிவாளர் மறுத்துவிட்டார். கோபம் வந்தது. ஆறிய பிறகு படித்தால், அவர் இடத்தில் நானும் மறுத்திருப்பேன். இரண்டாம் முறை டிரேட்மார்க் பதிவு எண், தேதியோடு ஸ்கிரீன்ஷாட், அந்த டொமைனிலிருந்து வந்த போலி இன்வாய்ஸ், மின்னஞ்சல் வசதி போடப்பட்டிருப்பதைக் காட்டும் எம்எக்ஸ் பதிவு எல்லாவற்றையும் வைத்தேன். பெயரும் மின்னஞ்சலும் போதும், தொலைபேசி எண் வேண்டாம் என்றேன். எதற்குப் பயன்படுத்துவோம், எப்போது அழிப்போம் என்பதையும் எழுதினேன். இந்த முறை விவரம் வந்தது.

நீதிமன்றங்களும் ஒரே பக்கம் சாய்ந்துவிடவில்லை. போலி வாசனைத் திரவியம் விற்றவரின் கணக்கு விவரத்தைத் தர மறுத்த ஜெர்மன் வங்கியின் வழக்கில், வங்கி ரகசியம் எல்லையற்ற கேடயமாக இருக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015-இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2020-இல், யூடியூப் தொடர்பான ஒரு பதிப்புரிமை வழக்கில், உரிமைதாரர் கேட்டுப் பெறக்கூடிய 'முகவரி'யில் மின்னஞ்சலோ ஐபி முகவரியோ அடங்காது என்றது.

பெயர் வரட்டும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் அதிகம். டொமைன் தகராறுகளை நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தீர்க்கும் யூடிஆர்பி நடைமுறையில் பெயரே தெரியாமல் புகார் கொடுக்கலாம். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஐந்து டொமைன்கள் வரை, ஒரே நடுவர் என்றால், கட்டணம் 1500 டாலர். புகார் போனதும் பதிவாளர் இரண்டு வேலைநாளில் டொமைனைப் பூட்டி, உரிமையாளர் விவரத்தை அந்த அமைப்புக்குத் தர வேண்டும். அது நமக்கு வந்ததும் புகாரைத் திருத்த ஐந்து நாள் கிடைக்கும். அதற்குள் அந்தத் தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் தனியாக எழுதிவிடுங்கள். தளத்தை முடக்க அவர்களுக்கு ஆளின் பெயர் தேவையில்லை. எதற்கும் முன்னால் ஆதாரத்தைச் சேமியுங்கள்; முதல் நோட்டீஸ் போனதும் தளம் மறைந்துவிடுவது வாடிக்கை.

அப்புறம் அந்த இரட்டை எழுத்து டொமைன். பெயர் கையில் வந்ததும் வாடிக்கையாளர் அதை முகநூலில் போட்டு நாறடிக்கலாம் என்றார், பதிவைக்கூடத் தயாராக வைத்திருந்தார். கேட்டு வாங்கிய தகவலுக்கு இனி நாமும்தான் பொறுப்பு, சொன்ன காரணத்தைத் தாண்டிப் பயன்படுத்த முடியாது என்று தடுத்தேன். அவருக்கு என்மேல் வருத்தம். யூடிஆர்பி புகாரை அந்தப் பெயரிலேயே கொடுத்தோம். பத்து நாள் கழித்து அந்தப் பெயருக்கு உரியவரிடமிருந்தே பதில் வந்தது. அவர் எந்த டொமைனும் வாங்கியதில்லை. அவர் பெயரையும் முகவரியையும் யாரோ திருடிப் பதிந்திருக்கிறார்கள். டொமைன் எங்களுக்கு மாறியது. வெளியான தீர்ப்பில் அவர் பெயரை நடுவர் மறைத்துவிட்டார்.