நான் இரை இல்லை

எங்கள் வீட்டு மதில் சுவருக்கும் செம்பருத்திச் செடிக்கும் நடுவே மழை தொடங்கியதும் ஒரு சிலந்தி வலை கட்டும். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடம்பு. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி மாதிரி விரித்துக்கொண்டு வலையின் நடுவில் தலைகீழாகத் தொங்கும். கால் நீளும் திசையிலேயே வெள்ளை நூலில் கோணல்மாணலாக ஒரு தையல் போட்டிருக்கும். அந்தக் கிறுக்கலை வைத்துத்தான் ஆங்கிலத்தில் இதைச் 'சிக்னேச்சர் ஸ்பைடர்' என்கிறார்கள். பேரினத்தின் பெயர் ஆர்கியோப்பி.

போன வருஷம் அந்த வலையின் ஓரத்தில் சீரகம் போலப் பழுப்பாக இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. குட்டிகள் என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்றைக் காணோம். பெரியவளின் வாயில் வெள்ளை நூல் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். தாய் பிள்ளையைத் தின்கிறதே என்று ஒரு நாள் முழுக்க மனசு கேட்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: அது பிள்ளை இல்லை, மாப்பிள்ளை.

இந்தச் சிலந்திகளில் ஆணின் நீளம் பெண்ணில் பாதிகூட இருக்காது. எடையில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஆனால் ஆணின் சிக்கல் உருவத்தோடு முடிவதில்லை. பெண்ணுக்கு எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மட்டம்தான். உலகத்தை அவள் அறிவது காலால். கால் மூட்டுகளின் அருகே தோலில் நுண்ணிய கீறல்கள் போன்ற உணர்வுறுப்புகள் இருக்கின்றன. வலையின் இழை ஆடினால் அந்தக் கீறல்கள் லேசாக நசுங்கும். அது நரம்புக்குச் செய்தியாகப் போகும். எந்த இழை, எவ்வளவு தூரம், எவ்வளவு கனம் என்பதை அதிலிருந்தே கணித்துவிடுவாள். வலைதான் அவளுக்குக் காது. அந்தக் காதில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் சாப்பாட்டுச் சத்தம். அதில் காலை வைத்துத்தான் ஆண் தன் வருகையைச் சொல்ல வேண்டும்.

புறப்படும் முன்பே அவனுக்கு ஒரு வேலை உண்டு. விந்து சுரப்பது வயிற்றில். அதைப் பெண்ணிடம் சேர்க்கும் உறுப்போ முகத்தருகே இருக்கும் இரண்டு குட்டைக் கைகளின் நுனியில். இரண்டுக்கும் உள்ளே குழாய் இணைப்பு எதுவும் கிடையாது. அதனால் சின்னதாக ஒரு வலை பின்னி, அதன்மேல் ஒரு துளி விந்தை விட்டு, குட்டைக் கைகளை அதில் தொட்டு உறிஞ்சிக்கொள்கிறான். இங்க் பேனாவில் மை நிரப்புகிற மாதிரிதான். இரை பிடிக்கும் வலை கட்டுவதைப் பருவம் வந்த ஆண் நிறுத்திவிடுவான். மிச்ச ஆயுள் பெண்ணைத் தேடி நடப்பதில் போகும்.

வழி காட்டுவது வாசனை. ஐரோப்பாவில் குளவிச் சிலந்தி என்று அழைக்கப்படும் ஆர்கியோப்பி புரூன்னிக்கியில் இந்த வாசனைப் பொருளைப் பிரித்தே எடுத்துவிட்டார்கள். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்துக்கு அது தூரத்துச் சொந்தம். இன்னும் இணை சேராத பெண்ணின் உடம்பிலிருந்தும் வலையிலிருந்தும் அது காற்றில் கலக்கிறது.

சரி, வலையைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்து என்ன? உடம்பை ஓர் உலுக்கு உலுக்குவான். நிறுத்துவான். கொஞ்சம் நகர்ந்து மறுபடி உலுக்குவான். சிக்கிய பூச்சி தாறுமாறாகத் துள்ளும். இந்த உலுக்கல் அப்படி இருக்காது. விட்டுவிட்டு, ஓர் ஒழுங்கோடு வரும். இதற்கு உண்மையிலேயே பலன் உண்டா என்று ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் ஆன் விக்னல், மேரி ஹெர்பர்ஸ்டைன் இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆணே இல்லாமல், அவனுடைய உலுக்கல் அதிர்வை மட்டும் கருவி மூலம் பெண்ணின் வலையில் ஓட்டினார்கள். கூடவே உயிருள்ள ஒரு சிள்வண்டையும் வலையில் விட்டார்கள். வழக்கமாகப் பாய்ந்து வரும் பெண், அதிர்வு ஓடும்போது சிள்வண்டை நோக்கி நகர வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். வெறும் இரைச்சலை ஓட்டினால் அந்தத் தாமதம் இல்லை. கண்ணெதிரே தீனி துள்ளுகிறது, இவள் யோசிக்கிறாள்! இந்த உலுக்கலைக் காதல் மொழி என்பதைவிட, 'நான் இரை இல்லை' என்று வாசலிலேயே நின்று குரல் கொடுப்பது என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம், ஆர்கியோப்பியின் சில இனங்களில், வலையின் சில இழைகளை அறுத்து ஓர் இடைவெளி உண்டாக்கி, அதன் குறுக்கே தன்னுடைய நூல் ஒன்றைக் கட்டுகிறான். அவள் வீட்டுக்குள் அவன் போட்ட பாலம். அதில் தொங்கியபடி நூலைச் சுண்டுவான், குதித்து ஆட்டுவான். விருப்பம் இருந்தால் பெண் நடுவிலிருந்து இறங்கி அந்த நூலுக்கு வந்து, உடம்பைத் தூக்கிக் கொடுத்தபடி அசையாமல் தொங்குவாள். அவளுக்குக் கோபம் வந்தால் அவன் நூலை விட்டுக் குதித்துவிடலாம். பாலம் போட்டதன் லாபம் அதுவாகவும் இருக்கலாம்.

குளவிச் சிலந்தியில் கதை இதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. உறுப்பு சேர்ந்த உடனேயே பெண் அவனை நூலால் சுற்றத் தொடங்கிவிடுகிறாள். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் யுட்டா ஷ்னைடரும் சகாக்களும் நேரத்தை அளந்து பார்த்தார்கள். கணக்கு பத்து விநாடிக்குள் இருக்கிறது: அதற்குள் துள்ளி விலகியவன் பிழைக்கலாம், தாண்டியவன் செத்தான். ஏறக்குறைய 80 சதவீத ஆண்கள் முதல் கூடலிலேயே முடிந்துபோகிறார்கள். சீக்கிரம் கழன்றுகொண்டால் என்ன? கொடுக்கும் விந்து குறைந்துவிடும். இருந்தால் உயிர் போகும்; கிளம்பினால் வாரிசு குறையும். இதில் இன்னொரு நுணுக்கம்: வந்த இடத்துப் பெண் கூடப்பிறந்தவள் என்றால் ஆண் கூடலைச் சுருக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கூண்டில் நடந்த சோதனையிலேயே இது தெரிந்தது. எனக்கென்னவோ இதுதான் பத்து விநாடிக் கணக்கைவிட ஆச்சரியம்.

பெண்ணுக்கு விந்து ஏற்கும் வாசல்கள் இரண்டு. ஆணுக்குக் குட்டைக் கைகள் இரண்டு. ஒரு தடவை உபயோகித்த கையின் நுனி பெரும்பாலும் ஒடிந்து அந்த வாசலிலேயே தங்கிவிடுகிறது. பாட்டிலுக்குத் தக்கை வைத்த மாதிரி. அடுத்து வருபவனுக்கு அந்த வாசல் சரியாகத் திறக்காது. ஆக, அவன் வாழ்நாளிலேயே இரண்டு முறைதான் வாய்ப்பு. இரண்டையும் ஒரே பெண்ணிடம் செலவழித்துவிட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் அவனுடையவையாக இருக்கும். அதற்குமேல் உயிரை வைத்துக்கொண்டு அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வட அமெரிக்கத் தோட்டங்களில் இருக்கும் ஆர்கியோப்பி ஆரன்ஷியா இந்தக் கணக்கைக் கடைசிவரை கொண்டுபோகிறது. இரண்டாவது கையைச் செருகிய சற்று நேரத்தில் ஆண் தானாகவே செத்துப்போகிறான். பெண் கடித்தோ சுற்றியோ அல்ல, இதயம் நின்றுவிடுகிறது. மத்தியாஸ் ஃபெல்மரும் டாஃப்னி ஃபேர்பேர்னும் 2003இல் இதை எழுதியபோது, செத்த ஆணின் உறுப்பு ஊதிய நிலையிலேயே பெண்ணின் வாசலில் மாட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் காட்டினார்கள். நுனியைத் தக்கையாக வைப்பதற்குப் பதில் முழு உடம்பையும் தக்கையாக வைப்பது!

எல்லா ஆணும் இப்படிச் சாகத் துணிந்தே வருகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். குறுக்கு வழிக்காரர்கள் உண்டு. பெண் பருவமடையக் கடைசியாக ஒருமுறை சட்டை உரிப்பாள். உரித்த கொஞ்ச நேரத்துக்கு உடம்பு இளசாக இருக்கும். கடிக்கவோ சுற்றவோ வலு இருக்காது. அந்த நேரத்துக்காகச் சில ஆண்கள் பருவமடையாத பெண்ணின் வலையோரத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். உலுக்கலும் வேண்டாம், பாலமும் வேண்டாம். இவர்கள் பெரும்பாலும் உயிரோடு திரும்புகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுநாள் காலையில் செம்பருத்திச் செடிப் பக்கம் போனேன். பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுப் பெரியவள் பழையபடி பெருக்கல் குறியாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். மேல் ஓரத்தில் இரண்டாவது சீரகம் இன்னும் இருந்தது. காற்று இல்லை. ஆனால் அது நின்ற இழை மட்டும் ஒருமுறை ஆடி நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் ஆடியது.