விகடகவியைத் திருப்பிப் பாருங்கள்

நிரலாக்கம் படிக்க வருகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே கொடுக்கப்படும் பயிற்சி ஒன்று உண்டு, ஒரு சொல்லை வாங்கித் திருப்பிப் போட்டு இரு பக்கமும் ஒன்றா என்று பார். பைத்தான் என்ற நிரல்மொழியில் சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளி, கழித்தல் ஒன்று, அவ்வளவுதான். பினாங்கில் நான் எடுக்கும் வார இறுதி வகுப்பில் பிள்ளைகள் ரோமன் எழுத்தில் 'மாலாம்', 'காத்தாக்' என்ற மலாய்ச் சொற்களைப் போட்டுப் பார்ப்பார்கள், சரியாகவே வரும்.

அப்புறம் 'விகடகவி' போடச் சொல்வேன். நிரல் 'இல்லை' என்கிறது. திரையில் முதலில் ஒரு இகரக் குறி, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும், அதையடுத்து 'வகடகிவ'.

"சார், கம்ப்யூட்டருக்குத் தமிழ் சரியா வராது போல" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்குக் கவலை இந்த இடத்தில்தான். மாலைமாற்று என்று, திருப்பிப் படித்தாலும் ஒன்றாகவே வரும் செய்யுள் வகையே வைத்திருக்கும் மொழியைப் பற்றி, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை இப்படி ஒரு முடிவோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

கோளாறு நிரலில்தான். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'வி' என்பது வகரம், இகரக் குறி என்று இரண்டு எண்கள். நமக்கு 5 எழுத்தாகத் தெரியும் விகடகவி பைத்தானுக்கு 7, 'பினாங்கு' நமக்கு 4, அதற்கு 8. அது அந்த எண்களைத் திருப்புகிறது, குறியோ தனக்கு முன்னால் எது வந்தாலும் அதில் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் வகரத்தின் இகரம் ககரத்துக்குப் போய்விடுகிறது. இந்தி, தாய் எழுத்துகளுக்கும், ஏன், சில எமோஜிகளுக்கும்கூட இதே கதிதான். ஸ்விஃப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் எண்ணிப் பாருங்கள், விகடகவிக்கு 5 என்றே சொல்லும்.

வகுப்போடு போகிற விஷயமுமில்லை இது. மென்பொருள் சோதனை என் தொழில், எண்ணே எழுத்து என்று நினைத்துப் பழகியவர்கள் எழுதிய விண்ணப்பப் பாரங்களில் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுவதை நிறையப் பார்க்கிறேன். அந்த எண்களைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், அதாவது ஒவ்வொரு எண்ணும், 3 பைட் இடம் பிடிக்கும். 20 பைட்டுக்குள் அடக்கச் சொன்னால் 'பினாங்கு' 'பினாங்' ஆகி, மிச்சம் 2 பைட் குப்பையாக நிற்கும்.

திருத்துவது சுலபம். சொல்லை ஒவ்வொரு குறியீடாக நடந்து போகச் சொல்லுங்கள், யூனிகோட் அதற்குக் கொடுத்திருக்கும் வகைப்பெயர் ஆங்கில 'எம்' என்று தொடங்கினால் அது உயிர்க்குறி அல்லது புள்ளி, முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். பிறகு அந்தப் பட்டியலைத் திருப்புங்கள். நாலைந்து வரிதான், எந்தத் தொகுப்பையும் நிறுவ வேண்டாம்.

இதிலும் 'லக்ஷ்மி' மாட்டும், 'க்ஷ' நமக்கு ஒரே எழுத்து, இங்கே ககரமெய்யும் ஷகரமும் பிரிந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும், அதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன்.