சித்திரையில் கிரீச்சிட்ட மாடி

காட்பாடியில் அக்கா புதிதாகக் கட்டிய வீட்டில் கீழ்த்தளம் செங்கல், மேல்தளம் முழுக்க மரச்சட்டமும் பலகைத் தரையும். தை மாதம் கிரகப்பிரவேசத்தன்று சொந்தபந்தம் மொத்தமும் ஏறி இறங்கியும் அந்தத் தரை மூச்சு விடவில்லை. சித்திரை பிறந்ததும் கிரீச்சிடத் தொடங்கியது. நடு இரவில் பேரன் தண்ணீர் குடிக்க எழுந்தால் கீழே படுத்திருக்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். "புது வீடு இப்படி முனகக் கூடாது, ஆசாரியைக் கூப்பிடுங்கள்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் மாமா சுத்தியலை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு ஆணிகளை அடித்துவிட்டார். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் முன்பைவிடப் பலமாகக் கேட்டது.

வீடு பலவீனமாக இருப்பதால் அந்தச் சத்தம் வருவதில்லை. மரம் காய்ந்து, அரை மில்லிமீட்டர் இடம் கிடைத்து, அந்த இடத்தில் எதுவோ எதன்மேலோ உரசுகிறது. அவ்வளவுதான். ஆனால் உரசும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் அடிக்கும் ஆணி, உரசுவதற்கு இன்னொரு ஆணியாகத்தான் போய்ச் சேரும்.

மழைக்காலத்தில் வாசற்கதவு நிலையில் இறுகிக்கொள்வதையும் கோடையில் தானாகத் தளர்வதையும் பார்க்காதவர் இல்லை. மரத்துக்குள் ஈரம் இரண்டு விதமாகத் தங்கியிருக்கிறது. செல்களின் உள்வெளியில் தேங்கிய நீர் வெளியேறினால் எடை குறையும், அளவு மாறாது. செல்சுவரிலேயே ஊறியிருக்கும் நீர் வெளியேறும்போதுதான் மரம் சுருங்குகிறது. காய்ந்த மரத்தின் எடையை வைத்துக் கணக்கிட்டால் அந்த எல்லை ஏறத்தாழ 30 சதவீத ஈரம். அதன்பின் சுற்றியுள்ள காற்று எப்படியோ அப்படியே மரமும். காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 80 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் 15, 16 சதவீதத்தில் நிற்கும். 30 சதவீதமானால் 6 சதவீதத்துக்கு அருகே இறங்கிவிடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டி, பாலாற்று மணல் கொதிக்கும் வேலூர்க் கோடையில் மரத்துக்கு என்ன நேரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில்தான் மிக அதிகம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ அதில் பாதி. அதிகம் சுருங்காத மரம் என்று பெயரெடுத்த தேக்கே பச்சை நிலையிலிருந்து முழுதாகக் காயும்போது வளையத் திசையில் 5.8 சதவீதம் சுருங்கும். அக்கா வீட்டு உத்தரங்களின் உயரம் 8 அங்குலம், அதாவது 200 மில்லிமீட்டர். 18 சதவீத ஈரத்தோடு பொருத்திய உத்தரம் 8 சதவீதத்துக்குக் காய்ந்தால், அறுத்த வாக்கைப் பொறுத்து அதன் உயரத்தில் 4 மில்லிமீட்டர் வரை குறையலாம். கிரீச்சிட அதில் எட்டில் ஒரு பங்கு போதும்.

உத்தரம் சுருங்கும்போது அதன் மேல்முகம் கீழே இறங்குகிறது. ஆணியின் முனையோ உள்ளே ஆழத்தில் பிடித்தபடி நிற்கிறது. உத்தரம் இறங்க, ஆணியின் தலை மட்டும் பழைய உயரத்திலேயே நிற்பதால் பலகை ஆணியில் தொங்குகிறது. கால் வைத்தால் பலகை ஆணித்தண்டில் வழுக்கிக் கீழே போகும், எடுத்தால் மேலே வரும். மாமா அடித்த ஆணிகளில் ஒன்றை ஆசாரி பிடுங்கிக் காட்டினார். கருத்த தண்டில், தலைக்குச் சற்றுக் கீழே, மோதிரம்போல ஒரு பட்டை மட்டும் தேய்ந்து பளபளத்தது. சத்தத்தின் பிறப்பிடம் அதுதான்.

அசையாமல் இருக்கும் இரண்டு பரப்புகளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகரத் தொடங்கியபின் அவற்றை நகர்த்திக்கொண்டே இருக்கத் தேவைப்படும் விசையைவிட அதிகம். ஆகவே பலகை ஆணியில் ஒட்டி நிற்கிறது, பாரம் ஏறியதும் சடக்கென்று வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. இந்த ஒட்டலும் வழுக்கலும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடந்தால் காதுக்கு அது கிரீச். கச்சேரியில் வயலின் வில் தந்தியை இழுப்பதும் இதே முறையில்தான். வில்லுக்கு ரோசின் பூசுவது அந்த ஒட்டலைக் கூட்டத்தான். ஆணியின் அதிர்வு தனியாகக் கேட்டால் மெல்லியது. அகன்ற பலகை வீணைக் குடத்தின் மேற்பலகைபோல அதை வாங்கிக் காற்றில் பரப்பிவிடுகிறது. மாட்டுவண்டி அச்சுக்கு வண்டி மை தடவியவர்கள் அந்த ஒட்டலைத்தான் குறைத்தார்கள். பலகை இடுக்கில் முகப்பவுடர் தூவினாலும் சில வாரம் சத்தம் அடங்கும். எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள், கறை போகவே போகாது.

ஜப்பானில் கியோட்டோ நகரின் நிஜோ கோட்டையில் நடந்தால் பறவைபோலக் கீச்சிடும் மரத்தாழ்வாரம் இருக்கிறது. அங்கும் பலகைக்கு அடியில் இரும்புப் பட்டைகள் ஆணியோடு உரசுவதுதான் காரணம். வட அமெரிக்காவில் உலர்ந்தது என்று முத்திரையிட்டு விற்கும் கட்டுமான மரத்தில்கூட 19 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கும்போது அது காய்கிறது. அவர்களுக்கு டிசம்பர் செய்வதை நமக்குக் கத்திரி வெயில் செய்கிறது.

ஆசாரி வந்ததும் சுத்தியலைத் தொடவே இல்லை. "நீங்கள் மேலே நடங்கள் தம்பி, நான் கீழிருந்து பார்க்கிறேன்" என்றார். சத்தம் வந்த இடத்தில் சாக்பீஸ் குறி போட்டுக்கொண்டே நடந்தேன். பிறகு ஏணியில் நானும் ஏறி, சட்டைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை இரண்டாக மடித்து உத்தரத்துக்கும் பலகைக்கும் நடுவே செருகினேன். தடையில்லாமல் நுழைந்தது. மேலே மாமா கால் வைத்ததும் டிக்கெட்டை இழுக்க முடியவில்லை. காலை எடுத்ததும் கையோடு வந்துவிட்டது.

அப்படிப்பட்ட இடங்களில் மெல்லிய மர ஆப்பில் பசை தடவி இடைவெளியை நிரப்ப வேண்டும். இடத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். ஓங்கி அடித்தால் பலகை தூக்கிக்கொண்டு பக்கத்துப் பலகை சத்தம் போடும். கீழிருந்து கை எட்டாத இடத்தில் மேலிருந்து ஸ்க்ரூ. ஆணி உராய்வை நம்பி நிற்பது, ஸ்க்ரூவின் மரை நாரைக் கடித்துப் பிடிப்பது. ஓர் அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல ஸ்க்ரூ சரியாக இருக்கும். பலகையில் போடும் துளை ஸ்க்ரூ தாராளமாக நுழையும் அளவிலும், உத்தரத்தில் போடுவது அதைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவானால் மரை பலகையையும் கடித்துக்கொள்ளும், இடைவெளி அப்படியே நிற்கும். முறுக்கும்போது ஒருவர் பலகைமேல் ஏறி நிற்பது அவசியம். துளையிடும் முன் அடியில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிடுங்கள்.

இந்த வேலைக்குக் கோடையே ஏற்ற காலம். ஐப்பசி மழையில் மரம் உப்பி இடைவெளியை மறைத்துவிடும், சத்தம் போய்விட்டதாக நாம் ஏமாறுவோம். புதிதாகக் கட்டுபவர்களோ பலகை, உத்தரம் எல்லாவற்றையும் சில வாரங்கள் அதே அறையில் காற்றோட்டமாக அடுக்கிவைத்து, பசையும் ஸ்க்ரூவும் சேர்த்துப் பொருத்தினால் பாதித் தொல்லை வராது. தரை கிரீச்சிடாமல் துள்ளினால் அது வேறு நோய்: உத்தரத்தின் உயரம் போதவில்லை. உயரம் இருமடங்கானால் வளைவு எட்டில் ஒன்றாகும், அதனால் உயரத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. தரை ஒரு பக்கம் தாழ்ந்தாலோ, உத்தரத்தில் வெடிப்போ கரையான் மண்ணோ தெரிந்தாலோ பொறியாளரை அழைக்க வேண்டும்.

ஒன்றரை நாளில் பதினேழு குறிகளையும் முடித்தோம். படிக்கட்டின் மூன்றாம் படி மட்டும் மிச்சம். அதன் அடிப்பக்கத்தைப் பலகை வைத்து மூடிவிட்டார்கள், ஆப்பு வைக்க வழியில்லை. மேலிருந்து இரண்டு ஸ்க்ரூ போட அடுத்த ஞாயிறு வருவதாக ஆசாரி சொல்லியிருக்கிறார்.