நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்று விடும் கிளாம்ப்

சரக்குக் கப்பல்களின் சரக்கறை மூடிகளைச் சோதிப்பது என் தொழில். ஏரிக் கப்பல்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க, கனடா எல்லையிலுள்ள சுப்பீரியர் ஏரியைத்தான் காட்டுவேன்.

அங்கே கப்பல்கள் இரும்புத்தாது உருண்டைகளை ஏற்றிக்கொண்டு, நீர்மட்டத்தைக் குறைத்துக் கப்பலை இறக்கும் சூ மதகுப் பூட்டில் சுமார் 6.4 மீட்டர் கீழிறங்கி, டெட்ராய்ட், கேரி பக்கத்து உருக்காலைகளுக்குப் போகும். இறக்கியதும் மறுபடி ஏற்ற ஓட்டம். துறையில் நிற்கும் நேரமெல்லாம் நஷ்டம். ஆகவே மூடியைப் போட்டதும் கிளம்பிவிட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் கிளாம்புகளைப் போகிற போக்கில் இறுக்குவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. வானம் வெளுத்திருந்தால் அதுவும் அரைகுறைதான்.

1975 நவம்பர் 10 அன்று அந்த ஏரியில் புயலில் 29 பேருடன் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பலில் 21 மூடிகள். மூடிக்கு 68 கிளாம்ப். மொத்தம் 1,428, எல்லாம் கைவேலை. மூடிகள் சரியாக இறுகாததால் நீர் புகுந்திருக்கலாம் என்றது அமெரிக்கக் கடலோரக் காவல் படை. கப்பல் உரிமையாளர் சங்கமோ, ஆழமற்ற திட்டில் அடி தட்டியது என்று வாதிட்டது. அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. கரையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அந்தக் கப்பலின் சரக்கறைகளுக்கு இடையிலிருந்த தடுப்புகள் நீரைத் தடுக்கக் கூடியவை அல்ல. உருண்டைகளின் இடுக்கில் இறங்கும் தண்ணீர் மேலே நிற்பவன் கண்ணில் படாது.

நாங்கள் செய்யும் சோதனை எளியது. மூடி அமரும் இரும்பு விளிம்பில் சாக்கட்டியைத் தேய்த்து, மூடி, இறுக்கி, திறந்து பார்ப்போம். மூடியின் அடியிலுள்ள ரப்பர் பட்டையில் வெள்ளைக் கோடு அறுபடாமல் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் மூலைகளில்தான் அறுந்திருக்கும். விளிம்பில் சிதறிய தாதுத் துகள்களைப் பெருக்காமல் மூடினாலும் அதே கதிதான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ரப்பருக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், அது விறைத்துப்போகும். அப்புறம் எத்தனை இறுக்கினாலும் பயனில்லை.

நன்னீரில் துரு மெதுவாகப் பிடிப்பதால் ஏரிக் கப்பல்களுக்கு ஆயுள் அதிகம். அன்றிரவு ஃபிட்ஸ்ஜெரால்டின் பின்னால் வந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற கப்பல் 1952-இல் கட்டப்பட்டது. இரும்புக்கு இருக்கும் அந்த ஆயுள் ரப்பருக்குக் கிடையாது. சூ பூட்டு வழக்கமாக ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடியிருக்கும். பட்டைகளை மாற்ற அதுதான் தோதான சமயம். கோடு அறுந்த இடத்தை மூடி எண்ணோடு அன்றன்றே குறித்து, அந்தப் பட்டியலைப் பழுதுபார்ப்பவர் கையில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது மார்ச் வரை யாருக்கும் நினைவிருக்காது.