சீனியர் வீரர்கள் போனபின் புதியவர்களை எப்படி எடைபோடுவது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சீசன் முடிந்ததுமே இந்தப் பேச்சு ஆரம்பமாகிவிடும்: பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் போகிறாரே, அடுத்து யார்? ஆட்ட வீடியோக்களை அலசி வீரர்களை மதிப்பிடுவது என் தொழில். போனவர் ஒருவர், வந்தவர் ஒருவர் என்று ஜோடி போட்டுப் பார்த்தாலே கணக்கு தப்பும்.

எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி 2019இல் ஆடிய 15 ஆட்டங்களிலும் ஜெயித்தது. அதன் குவார்ட்டர்பேக் ஜோ பரோ 60 டச் டவுன் பாஸ்கள் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுத்துத் தரும் எறிதல்கள்) எறிந்தார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த என்எஃப்எல் டிராஃப்டில் அந்த அணியிலிருந்து 14 பேர் தேர்வானார்கள். 2020இல் 5 வெற்றி, 5 தோல்வி. பரோ இல்லாததுதான் காரணம் என்று சொல்வது சுலபம். ஆனால் அவர் இடத்துக்கு வந்த மைல்ஸ் பிரென்னன் காயம்படும்வரை ஆடிய 3 ஆட்டங்களில் 11 டச் டவுன் பாஸ்கள் எறிந்தார். அதில் தோற்ற இரண்டில் அணி எடுத்தது 34, 41 புள்ளிகள். விட்டுக்கொடுத்தது 44, 45. மிசிசிப்பி ஸ்டேட் குவார்ட்டர்பேக் ஒரே ஆட்டத்தில் பாஸ்களாலேயே மொத்தம் 623 கெஜம் எடுத்துவிட்டுப் போனார். ஓட்டை தற்காப்பில் இருந்தது. பேட்ரிக் குயீன், ஜேக்கப் ஃபிலிப்ஸ் என்ற இரு லைன்பேக்கர்களும் (தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) ஒருசேரப் போயிருந்தார்கள். தற்காப்பைக் கவனித்த கோச் டேவ் அராண்டாவும் பேய்லர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கோவிட்டால் வசந்தகாலப் பயிற்சியும் பாதியில் நின்றது. பாவம், பழி பிரென்னன் தலையில் விழுந்திருக்க வேண்டியதே இல்லை.

ஜார்ஜியா பல்கலைக்கழக அணி நேர்மாறு. 2022 டிராஃப்டில் 15 பேர் போனார்கள். அவர்களில் 5 தற்காப்பு வீரர்கள் முதல் சுற்றிலேயே. அடுத்த சீசனிலும் 15 ஆட்டம், 15 வெற்றி. 2021இலேயே தற்காப்பு வரிசையை மாற்றி மாற்றி இறக்கியதால் ஜாலன் கார்ட்டர் போன்றவர்கள் சீனியர்கள் இருக்கும்போதே பெரிய ஆட்டங்களில் ஆடி அனுபவப்பட்டுத் தேறியிருந்தார்கள்.

அதனால் நான் பள்ளியில் ஆடும்போது வீரருக்குத் தரப்படும் நட்சத்திர மதிப்பெண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். 30 புள்ளி முன்னிலையில் இறங்கி ஆடியதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்குத் தனி நிற ஜெர்சி போட்டுவிடுவார்கள். யாரும் அவரை மோதித் தள்ளக் கூடாது. அந்தப் புள்ளிவிவரத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது. எதிரி பாய்ந்து வரும்போது கால் தடுமாறுகிறதா, பார்வை தரைக்கு இறங்குகிறதா என்பதே எனக்கு முக்கியம். ஒவ்வொரு முறையும் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்து (ஸ்னாப்) ஆட்டத்தைத் தொடங்கும் சென்டரும் புதியவர் என்றால் இன்னும் கவலைப்படுவேன். எதிரணி எங்கிருந்து பாயும் என்று கணித்து வரிசைக்குச் சொல்வது பெரும்பாலும் அவர்தான். மகனுக்குக் கல்லூரி தேடும் பெற்றோர் கோச்சிடம் ஒன்று கேட்கலாம்: போன சீசனில் மாற்று வீரர்களை இழுபறி ஆட்டங்களில் எத்தனை முறை இறக்கினீர்கள்?